ஒரே ராத்திரியில் எல்லாரும்

சொறிக்கு மருந்து கேட்டு வருகிறவர்களில் தனக்கென்று கேட்பவர்கள் குறைவு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, வேலையிடத்தில் கூட இருக்கும் பையனுக்கு, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரருக்கு என்றுதான் ஆரம்பிப்பார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மருந்துக் கடையில், மருந்தாளருக்கு உதவியாகப் பல வருடமாக வேலை செய்கிறேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும், ஏன், மூலத்துக்கும்கூட வாய்விட்டுக் கேட்பவர்கள் இந்த ஒன்றுக்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். கடையில் வேறு ஆள் இருந்தால், தைலம், சோப்பு என்று எதையாவது கையில் எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கமே நிற்பார்கள். ஆள் போனதும் வந்து ஒரு டியூப் கேட்பார்கள். ஒன்றே ஒன்று. வீட்டில் எத்தனை பேர் என்று நான் கேட்டால் முகம் மாறிவிடும்.

அந்த ஒரு டியூப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன். வீட்டில் ஐந்து பேர் இருக்க, அரிக்கிறவர் மட்டும் பூசிக்கொண்டால் இந்தச் சிரங்கு போகாது. போன மாதிரி இருந்துவிட்டுத் திரும்பி வரும். மறுபடி ஒரு டியூப், மறுபடி அரிப்பு. இப்படியே வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். மருந்து சரியில்லை என்பார்கள். மருந்து நல்ல மருந்துதான். அரிப்பே இல்லாத மற்ற நான்கு பேரும் அதே ராத்திரியில் பூசியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் சொல்வது ஸ்கேபீஸ் என்கிற சிரங்கை. அரசாங்கக் கிளினிக்கில் மலாயில் கூடிஸ் பூத்தா என்று சொல்லி அனுப்புவார்கள். படர்தாமரை வேறு, வேர்க்குரு வேறு, கரப்பான் வேறு. இது ஒரு பூச்சி உடம்பில் குடியேறுவதால் வருவது. சார்கோப்டீஸ் ஸ்கேபியை என்று அதற்குப் பெயர். எட்டுக் கால் கொண்ட உண்ணி இனம். பெண் பூச்சியே அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. பறக்காது, குதிக்காது, ஊர்ந்துதான் போகும். தோலின் மேலடுக்கைக் குடைந்துகொண்டு போய், நாளுக்கு இரண்டு மூன்று முட்டையாக இட்டுக்கொண்டே நகரும். அதன் ஆயுள் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். முட்டை மூன்று நான்கு நாளில் பொரிந்து, இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். இவ்வளவு பாடுபடுத்துகிற பூச்சி, உடம்பு முழுவதும் தேடினாலும் பெரும்பாலும் 10, 15தான் இருக்கும்.

அப்படியானால் அவ்வளவு அரிப்பு எங்கிருந்து வருகிறது? பூச்சியையும் அதன் முட்டையையும் கழிவையும் நம் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் காட்டுகிற ஒவ்வாமைதான் அந்த அரிப்பு. அது ராத்திரியில், படுத்து உடம்பு சூடானதும் அதிகமாகும். முதல்முறை பூச்சி ஏறியவருக்கு இந்த ஒவ்வாமை உருவாகவே நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆகலாம். அதுவரை ஒன்றும் தெரியாது. நன்றாகத் தூங்குவார், பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார், பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கொடுத்துக்கொண்டும் இருப்பார். இன்றைக்கு ஒருவர் சொறிய ஆரம்பிக்கிறார் என்றால், அவருக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஏற்கெனவே ஒருமுறை வந்து போனவருக்கு மட்டும் இரண்டாம் முறை ஓரிரு நாளிலேயே அரிக்கத் தொடங்கிவிடும். "எனக்கு அரிக்கலியே, நான் எதுக்குப் பூசணும்?" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த ஒரு மாதக் கணக்குத்தான்.

அக்கா வீட்டுக்கு இந்தச் சிரங்கு வந்தபோதுதான் இதை ஆரம்பம் முதல் முடிவு வரை பக்கத்திலிருந்து பார்த்தேன். அக்காவின் பெரிய மகன் முதலாம் படிவத்துக்கு விடுதிப் பள்ளியில் சேர்ந்திருந்தான். விடுமுறைக்கு வந்தவன் ராத்திரியில் புரண்டுகொண்டே இருந்தான். "அஸ்ராமால கொசு ஜாஸ்திலா" என்று அவனே சொன்னான். அஸ்ராமா என்றால் விடுதி. பாட்டி, அதாவது அக்காவின் மாமியார், கோடாலித் தைலம் தேய்த்துவிட்டார். கத்தரிக்காய், கருவாடு, இறால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். உடம்புச் சூடு என்று இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு தனியார் கிளினிக்கில் அலர்ஜி என்று மாத்திரையும் ஸ்டீராய்டு கிரீமும் கொடுத்தார்கள். அந்தக் கிரீமில் அரிப்பு கொஞ்சம் அடங்கியது. ஆனால் ஸ்டீராய்டு பூச்சியைக் கொல்லாது. சிவப்பையும் வீக்கத்தையும் குறைத்துக் காட்டும், உள்ளே பூச்சி தன் பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருக்கும். பார்க்கிற டாக்டருக்கே அடையாளம் தெரியாத அளவுக்குச் சிரங்கின் தோற்றமும் மாறிவிடும். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையிலும் ஆன்லைனிலும் பேர் தெரியாத டப்பாக்களில் விற்கிற அரிப்புக் கிரீம்களைப் பார்த்தால் எனக்குப் பயம் வருவது இதனால்தான்.

பையனைக் கடைக்குக் கூட்டிவரச் சொன்னேன். மருந்தாளர் மேசை விளக்கை இழுத்துவைத்து அவன் விரல்களை விரித்துப் பார்த்தார். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில், சொறிந்து பொருக்குத் தட்டிய நாலைந்து கொப்புளங்களுக்குப் பக்கத்தில், சொறியாமல் தப்பிய ஓர் இடம் இருந்தது. அங்கே அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு, வளைந்து நெளிந்து, சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. அதன் ஒரு முனையில் புள்ளி மாதிரி ஏதோ தெரிந்தது. மருந்தாளர் நீல மார்க்கர் பேனாவை அதன் மேல் தடவி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தார். மேலே இருந்த மை போய்விட்டது. கோட்டுக்குள் இறங்கிய மை மட்டும் நின்றது. பூச்சி குடைந்த பாதை அது. மணிக்கட்டு மடிப்பில் இன்னொன்று. சட்டையைத் தூக்கியதும் இடுப்பில், கால்சட்டை எலாஸ்டிக் உட்காரும் இடம் முழுக்கச் சிவந்த புள்ளிகள். விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பின்புறம், ஆண்களுக்கு உறுப்பில், பெண்களுக்கு மார்பில். இந்தப் பூச்சி தேடிப்போகும் இடங்கள் இவை. கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், முகம், தலை என்று எங்கும் வரலாம். கிளினிக்கில் போய்க் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளச் சொல்லி மருந்தாளர் அனுப்பினார். மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட்தான்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டோம். பையன் வந்த நாளிலிருந்து யார் யார் அவன் பக்கத்தில் படுத்தார்கள், அவர்கள் யாரைத் தூக்கினார்கள்? அக்கா, அத்தான், மாமியார், மூன்று வயசு சின்னவள். இது வீட்டுக்குள். சின்னவள் பகலெல்லாம் இருப்பது சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிற வேறோர் அக்காவின் வீட்டில், அங்கே இன்னும் சில பிள்ளைகள். மாமியார் நடுவில் கோலகங்சாரில் மகள் வீட்டுக்குப் போய்ப் பேத்தியோடு படுத்து எழுந்து வந்திருக்கிறார். அத்தான் லாரி ஓட்டுபவர், ஜொகூருக்குப் போனால் இன்னொரு டிரைவரோடு ஒரே அறையில் தங்குவார். அப்புறம் விடுதி அறை. தாள் நிறைந்துவிட்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "வீட்ல இருக்கிறவங்க மட்டும் பூசிக்கலாம்டி. வெளியில சொன்னா நம்ம வீட்ல இருந்துதான் வந்துச்சும்பாங்க" என்றாள்.

அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஆட்களிடம் சொறி என்றால் அழுக்கு என்றுதான் அர்த்தம். குளிக்காதவன், துவைக்காதவன், வீடு கூட்டாதவள். அக்கா வீட்டில் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். அவளைப் போய் அழுக்கு என்று யாராவது நினைப்பார்களோ என்பதுதான் அவள் பயம். ஆனால் நாளுக்கு மூன்றுமுறை குளித்தாலும் இந்தப் பூச்சி போகாது, அது தோலுக்குள் இருக்கிறது. சுத்தமாக இருக்கிறவருக்கும் வரும். நெருக்கமாக வாழ்கிறவர்களுக்கு அதிகமாக வரும். பிள்ளையை அணைத்துத் தூங்கவைக்கிற வீட்டில், பாட்டியும் பேரனும் ஒரே பாயில் படுக்கிற வீட்டில் வரும். சும்மா கை குலுக்கினால் ஒட்டுவது அரிது. கொஞ்ச நேரமாவது தோலோடு தோல் சேர்ந்திருக்க வேண்டும். சொறி வந்த வீடு என்றால் பாசமாக இருக்கிற வீடு என்று நான் கடையில் வெளிப்படையாகவே சொல்வதுண்டு.

இந்த அழுக்குப் பேச்சும் ரத்தம் கெட்டுப்போச்சு என்ற பேச்சும் நம்மிடம் மட்டும் இருந்ததில்லை. 1687-இல் இத்தாலியின் லிவோர்னோ நகரத்தில் ஜொவான்னி கோசிமோ பொனோமோ என்ற மருத்துவரும் டியாசிந்தோ செஸ்தோனி என்ற மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து, சிரங்குக்குக் காரணம் இந்தப் பூச்சிதான் என்று நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். அவர்களுக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏழைப் பெண்கள் தங்கள் பிள்ளைகளின் கையிலிருந்து ஊசி முனையால் எதையோ எடுத்துப் போடுவதைப் பார்த்துத்தான். படித்த மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. உடம்புக்குள் ரசங்கள் கெட்டுப்போவதால் வருவது என்றே இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1834-இல் கோர்சிகாவிலிருந்து பாரிஸுக்குப் படிக்க வந்த ரெனூச்சி என்ற மாணவர், தன் ஊர்ப் பெண்கள் செய்வதைப் போலவே ஊசியால் பூச்சியை எடுத்து எல்லார் முன்னிலையிலும் காட்டிய பிறகுதான் வாதம் அடங்கியது. பிள்ளையின் கையை விளக்கடியில் வைத்துப் பார்த்த அம்மாக்களுக்கு அத்தனை காலமும் இது தெரிந்திருந்தது.

என் அம்மாவும் அப்படிப் பார்த்தவர்தான். நாங்கள் தோட்டத்தில் இருந்தபோது அம்மா ஆயாக்கொட்டகையில் வேலை செய்தார். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, போகும் பால்மரம் வெட்டுகிறவர்கள், தூங்குகிற பிள்ளையைத் தூளியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அம்மா ஒவ்வொரு பிள்ளையையும் வாங்கும்போது கையை விரித்துப் பார்ப்பார், காதுக்குப் பின்னால் பார்ப்பார். ஒரு பிள்ளைக்கு இருந்தால் தோட்டத்து ஹாஸ்பிடல் அசிஸ்டன்ட்டிடம் சொல்லிவிடுவார். அவரை நாங்கள் டிரஸர் என்போம். அன்று சாயங்காலமே டிரஸர் வெள்ளை மருந்து பாட்டிலோடு லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, வந்துவிடுவார். அந்த வெள்ளை மருந்து பென்சைல் பென்சோயேட். இன்றும் அரசாங்கக் கிளினிக்கில் அது உண்டு. புண் இருக்கிற இடத்தில் பட்டால் தீயாய் எரியும். லயத்தில் ஒரு வீடு விடாமல் எல்லாருக்கும் பூசச் சொல்வார். வேலை வாங்குகிற மண்டோர் வீட்டுக்கும் உண்டு. எல்லாரும் பூசுவதால் யாருக்கும் வெட்கம் இருக்கவில்லை. அடுப்படியில் தண்ணி கொதிக்க, துணியெல்லாம் அண்டாவில் வெந்துகொண்டிருக்க, பிள்ளைகள் உடம்பெல்லாம் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டு ஓடுவோம்.

தோட்ட வாழ்க்கையை நான் உயர்த்திப் பேச வரவில்லை. ஒரு அறையில் ஏழெட்டுப் பேரைப் படுக்கவைத்ததுதான் அந்தச் சிரங்குக்குக் காரணம். என் பாட்டி சொல்லும் ஜப்பான்காரன் காலத்துக் கதைகளில் பசிக்கு அடுத்தபடி சொறிதான் வரும். ஆனால் அந்த டிரஸர் செய்த ஒரு காரியம் சரியான காரியம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, நாங்கள் எல்லாரும் டவுனுக்கு வந்து தாமானிலும் பிளாட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டோம். இப்போது யாருக்கு வந்தாலும் அது அந்த வீட்டு ரகசியம். அம்மா செய்த வேலையைச் செய்ய ஆள் இல்லை.

பிஜித் தீவுகளில் 2012-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. கரும்புத் தோட்ட வேலைக்கு நம் ஊர்களிலிருந்தும் கப்பலேறிப் போன அதே பிஜிதான். ஒரு தீவுப் பகுதியில் நோய் வந்தவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் மட்டும் தேடி மருந்து கொடுத்தார்கள். இன்னொன்றில் எல்லாருக்கும் பூசும் மருந்து. மூன்றாவதில், சிரங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லாருக்கும் பூச்சியைக் கொல்கிற ஐவர்மெக்டின் மாத்திரை. மாத்திரை சேராதவர்களுக்குப் பூசும் மருந்து. அந்த மூன்றாவது இடத்தில் 100 பேரில் 32 பேருக்கு இருந்த சிரங்கு, ஒரு வருடத்தில் 2 பேருக்கும் கீழே வந்துவிட்டது. நோய் வந்தவர்களைத் தேடிக் கொடுத்த இடத்தில் பாதிதான் குறைந்தது. முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. உலகம் முழுக்க எந்த நேரத்திலும் 20 கோடிப் பேருக்கு மேல் இந்தச் சிரங்கோடு இருக்கிறார்கள். 2017-இல்தான் உலகச் சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

அரிப்புதானே, உயிரா போகிறது என்று விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொறிந்து சொறிந்து தோல் கிழிந்த இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகள் ஏறும். சீழ் வைக்கும். சில பிள்ளைகளுக்கு, சில வாரம் கழித்து, அது சிறுநீரகத்தைத் தாக்கும். காலையில் எழுந்ததும் முகம், கண் இமை வீங்கியிருக்கும், மூத்திரம் தேநீர் நிறத்தில் போகும். அப்படிப் பார்த்தால் கடைக்கு வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். அத்தான் ஜொகூரிலிருந்து திரும்பும் சனிக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொண்டோம். கிளினிக்கில் கொடுத்தது பெர்மெத்ரின் 5 விழுக்காடு, பூச்சியைக் கொல்கிற கிரீம். பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 30 கிராம் டியூப் ஒன்று தேவைப்படும். குளித்து, உடம்பு ஆறி, நன்றாகத் துடைத்த பிறகு கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூச வேண்டும். அரிக்கிற இடத்தில் மட்டும் தொட்டுத் தொட்டு வைப்பது பிரயோஜனமில்லை. எல்லாருக்கும் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டோம், நகத்தடியிலும் மருந்து போக வேண்டும். சின்னவள் விரல் சூப்புகிற பழக்கம் உள்ளவள், அதனால் கைக்குப் பூசியதும் பஞ்சுக் காலுறையை மாட்டிவிட்டோம்.

மாமியாரிடம்தான் நேரம் பிடித்தது. கையில் கோயில் கயிறு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. அவிழ்க்க மாட்டேன் என்றார். சின்னவளின் அரைஞாண் கயிற்றுக்கும் அதே பேச்சு. பூச்சிக்கு இவை பிடித்தமான இடம், கயிற்றடியில் மருந்து படாமல் தப்பித்துக்கொள்ளும். "அத்தை, சாமி கோவிச்சுக்காது, ரெண்டு நாள்ல புதுசு கட்டிக்கலாம், நானே கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு அவரே கத்தரிக்கோல் கேட்டார். அக்கா தாலியைக் கழற்றவில்லை, கழற்றச் சொல்லவும் இல்லை. தூக்கிப்பிடித்துக்கொண்டு அடியில் பூசி, கயிற்றைச் சுடுதண்ணியில் நனைத்துத் துடைத்தோம். முதுகுக்கு ஒருவருக்கொருவர் பூசிவிட்டார்கள். சேலை கட்டுகிற இடுப்பு மடிப்பை மாமியார் விடப் பார்த்தார், அங்கேதான் அவருக்கு இரண்டு புள்ளி இருந்தது. அரிக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், அதிகபட்சம் 14 மணி நேரம், மருந்து உடம்பில் இருக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூச வேண்டும்.

மெத்தையை எரித்துவிடலாம் என்றார் அத்தான். வேண்டியதில்லை. மனிதத் தோலை விட்டு வந்த பூச்சி இரண்டு மூன்று நாளைத் தாண்டுவதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் கென்னத் மெலன்பி என்ற பூச்சியியல் அறிஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். போருக்குப் போக மாட்டோம் என்று மறுத்த இளைஞர்கள் தாங்களாக முன்வந்து, சிரங்கு பிடித்த சிப்பாய்களின் உள்ளாடையைப் போட்டுக்கொண்டார்கள், அவர்கள் போர்த்திய கம்பளியில் படுத்தார்கள். கிட்டத்தட்ட யாருக்கும் ஒட்டவில்லை. சிரங்குள்ளவரோடு சேர்ந்து படுத்தபோதுதான் ஒட்டியது. ஒட்டி ஒரு மாதம் வரை அரிக்கவில்லை என்பதும் அங்கேதான் தெளிவானது. அதனால் வீட்டையே புரட்டிப்போட வேண்டாம். கடைசி மூன்று நாளில் போட்ட துணி, படுக்கை விரிப்பு, துண்டு இவற்றைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாத பொம்மை, தலையணையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒதுக்கி வையுங்கள். மூன்று நாள் போதும், நான் ஒரு வாரம் என்று சொல்வேன். மிச்சமிருக்கிற பலத்தை மருந்து பூசுவதில் காட்டுங்கள்.

ஒரு வகைச் சிரங்குக்கு மட்டும் இது பொருந்தாது. மிகவும் வயசானவர்கள், உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இவர்களுக்குச் சில சமயம் பூச்சி ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் பெருகிவிடும். கை, முழங்கை, காலெல்லாம் தடித்துச் செதில் செதிலாக உதிரும். அரிப்பு பெரிதாக இருக்காது என்பதால் யாரும் சிரங்கு என்று நினைப்பதில்லை. உதிர்கிற ஒவ்வொரு செதிலிலும் பூச்சி இருக்கும். அப்போது படுக்கை, நாற்காலி எல்லாமே பரப்பும். முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு இப்படி இருந்தால் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாருக்கும் வரும். அது வீட்டு வைத்தியத்துக்கோ கடை மருந்துக்கோ அடங்காது, டாக்டர்தான் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசலாமா என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 814 பேருக்கு அப்படிப் பூசி, 97 விழுக்காட்டினர் 3 நாளிலிருந்து 15 நாளுக்குள் குணமானதாக 1992-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. ஆனால் அதில் வேறு மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. வேப்பிலைத் தண்ணியில் குளிக்கட்டும், நான் தடுக்க மாட்டேன். அதை நம்பி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பெர்மெத்ரின் கொடுக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் கட்டாயம் டாக்டரிடம் போங்கள், அவர்களுக்குக் கந்தகக் களிம்பு போன்ற வேறு மருந்து தரக்கூடும். நாயைத் துரத்தவும் வேண்டாம். நாய்ச் சொறியின் பூச்சி வேறு வகை, நம் உடம்பில் குடும்பம் நடத்தாது.

இன்னொரு பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. "பங்களாக்காரனுங்க கொண்டாந்த வியாதி." இன்றைக்குச் செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் நம் தாத்தா பாட்டி செய்த வேலையைச் செய்கிறவர்கள் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் நேப்பாளிகளும்தான். அன்றைக்கு நம்மை லயத்தில் அடைத்தது மாதிரி இன்றைக்கு அவர்களைக் கொங்சி என்கிற தொழிலாளர் கொட்டகையில் அடைக்கிறார்கள். அன்றைக்கு நம்மைப் பார்த்து மூக்கைப் பிடித்தவர்கள் சொன்னதைத்தான் இன்றைக்கு நாம் சொல்கிறோம். தொழிலாளர் தங்குமிடத்துக்குக் குறைந்தபட்ச வசதிகள் வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. முதலில் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் இருந்த அது 2020 ஜூனிலிருந்து மற்றத் துறைகளுக்கும் வந்துவிட்டது. நடைமுறையில், கடைக்கு வருகிற பையன்களிடம் ஓர் அறையில் எத்தனை பேர் என்று கேட்டால் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றுகிறார்கள். மண்டோருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். ஒரு ரிங்கிட் கிளினிக் அவர்களுக்கு இல்லை. அவர்களும் ஒரு டியூப்தான் வாங்குகிறார்கள், அது கையிலிருக்கிற காசுக்கு. அந்த அறை முழுக்க ஒரே ராத்திரியில் மருந்து போக வேண்டுமானால் அதை முதலாளிதான் வாங்கிக் கொடுக்க வேண்டும். டிரஸர் தோட்டக் காசில் செய்ததைத்தான் கேட்கிறேன்.

அக்கா வீட்டில் அடுத்த சனிக்கிழமை இரண்டாம் முறை பூசினோம். முதல்முறை தப்பிய முட்டைகள் பொரிந்திருக்கும், அவை வளர்ந்து முட்டையிடுமுன் கொல்லத்தான் இந்த இரண்டாவது. நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் இன்னும் இரண்டு வாரம், நான்கு வாரம்கூட அரித்துக்கொண்டிருக்கலாம். பூச்சி செத்தாலும் அதன் உடல் தோலுக்குள்தான் இருக்கிறது, ஒவ்வாமை அடங்க நாளாகும். அரிக்கிறதே என்று தினமும் மருந்தை எடுத்துப் பூசினால் தோல் வெந்துபோய் அதுவே அரிக்கும். அரிப்பு மாத்திரையும் ஈரப்பதம் தருகிற கிரீமும் போதும். நான்கு வாரம் தாண்டியும் புதுப் புள்ளி வந்தால் மட்டும் மறுபடி காட்டுங்கள்.

போன் விஷயத்தைச் சொல்லாமல் விட்டேனே. முதல் சனிக்கிழமைக்கு முன்னாலேயே அக்கா எல்லாரையும் கூப்பிட்டுவிட்டாள். பிள்ளை பார்க்கிற அக்காவுக்கு ஏற்கெனவே மணிக்கட்டில் அரித்துக்கொண்டிருந்தது, பாத்திரம் கழுவுகிற சோப்பு என்று நினைத்திருந்தார். கோலகங்சார் நாத்தனார் உடனே சரி என்றார். பிள்ளை பார்க்கிறவரிடம் விடுகிற இன்னொரு பிள்ளையின் அம்மா மட்டும் என் அக்காவைக் கன்னாபின்னாவென்று பேசிவிட்டுப் பிள்ளையை வேறு இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அக்கா அன்றைக்கு அழுதாள். ஆனாலும் தாளில் இருந்த மற்ற எல்லாரையும் கூப்பிட்டு முடித்தாள். விடுதி வார்டன் அறை முழுக்க மருந்து போட ஏற்பாடு செய்தார். பள்ளிக்கு எப்போது அனுப்பலாம் என்று அவரும் கேட்டாராம். முதல்முறை பூசிக் கழுவிய மறுநாளே அனுப்பலாம்.

போனில் வாய் வரவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். அக்காவுக்கு நான் எழுதிக்கொடுத்ததை இங்கே போடுகிறேன், நாளை மட்டும் மாற்றி அப்படியே எடுத்து அனுப்பிக்கொள்ளலாம்.

"வணக்கம். எங்கள் பிள்ளைக்கு ஸ்கேபீஸ் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பிள்ளையும் கூட இருந்ததால் சொல்கிறேன். அரிப்பு வர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், அதனால் இப்போது ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருமுறை கிளினிக்கில் கேளுங்கள். நாங்கள் இந்தச் சனிக்கிழமை ராத்திரி வீட்டில் எல்லாரும் மருந்து பூசுகிறோம், அடுத்த சனிக்கிழமை இன்னொரு முறை. நீங்களும் அதே நாளில் பூசினால் திரும்ப வராது. மருந்து எப்படிப் பூசுவது என்று தெரிய வேண்டுமானால் எந்த நேரமும் கூப்பிடுங்கள்."